தும்பி நோக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, யார் வந்தார்கள், யார் தலைகாட்டவே இல்லை என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிக்கொள்ளலாம். போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும்: இனப்பட்டியலைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு, தும்பி எப்படிப் பறக்கிறது என்பதை மட்டும் இந்த ஆண்டு கவனிப்பது. பட்டியல் பிரியர்களுக்கு அதில் மனத்தாங்கல்தான். இருந்தாலும், பெயர் தெரிந்த பூச்சியையே நாம் இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் படம் பிடிக்கும் வேலை. சாதாரண வீடியோ விநாடிக்கு 30 படம் எடுக்கிறது, தும்பியும் விநாடிக்கு ஏறத்தாழ 30, 40 தடவைதான் இறக்கை அடிக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதால் திரையில் இறக்கை அசையாமல் நிற்பது போலத் தெரியும், சில சமயம் தலைகீழ் வரிசையில் சோம்பலாக அடிப்பது போலவும் தெரியும். இதை வைத்து, அடிக்காமலேயே மிதக்கிறது என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி, ஒரு கூட்டம் முழுக்க இதிலேயே போயிற்று. செல்போனை ஸ்லோ மோஷனில் 240 படத்துக்கு மாற்றியதும் ஓர் அடிக்கு ஆறேழு படம் கிடைத்தது, சண்டையும் அடங்கியது.

அதில் தெரிந்ததுதான் இந்த ஆண்டின் பெரிய வரவு. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது முன்னிறக்கை இறங்க, பின்னிறக்கை ஏறுகிறது. முன்னோக்கிப் போகும்போது பின்னிறக்கை சற்று முந்திக்கொண்டு அடிக்க, முன்னிறக்கை அதைத் தொடர்கிறது. சட்டென்று எழும்ப வேண்டும் என்றால் நாலும் ஒன்றாக அடிக்கின்றன. இறக்கை அடிக்கும்போது காற்று சுழன்று வீணாகப் போகிறதல்லவா, அந்தச் சுழற்சியில் ஒரு பங்கை மற்ற ஜோடி மீட்டுக்கொள்ள முடியும். 2008இல் வெளியான ஆய்வொன்றில் தும்பி போன்ற இயந்திர இறக்கைகளை வைத்துச் சோதித்தபோது, அடிக்கும் நேர வித்தியாசம் சரியாக அமைந்தால், ஒரே ஜோடி இறக்கையை விட 22 சதவீதம் வரை சக்தி மிச்சமாகும் என்று தெரிந்தது.

இப்படி மாற்றி மாற்றி அடிக்க முடிவதற்குக் காரணம் தசை. ஈயிலும் தேனீயிலும் பறக்கும் விசையைத் தரும் பெரிய தசைகள் இறக்கையோடு ஒட்டியிருப்பதில்லை. அவை மார்புக் கூட்டை அமுக்கி விடுகின்றன, கூடு நெளிய இறக்கைகள் கூடவே அசைகின்றன. தும்பிக்கு அப்படியில்லை, தசைகள் நேராக இறக்கையின் அடியிலேயே பிடித்திருக்கின்றன. ஆகவே நாலு இறக்கையையும் தனித்தனியாக, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, வேண்டிய அளவுக்கு வீச முடிகிறது. இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நரம்பிலிருந்து தனிக் கட்டளை வந்தாக வேண்டும், அதனால் தேனீயைப் போல விநாடிக்கு இருநூறு தடவைக்கு மேல் அடிப்பதெல்லாம் நடக்காது. வேகமாக அடிப்பதை விட்டுவிட்டு, நினைத்தபடி அடிப்பதைப் பிடித்துக்கொண்ட பூச்சி இது. என்னைக் கேட்டால் நல்ல பேரம்.

இறந்து கிடந்த தும்பிகளின் இறக்கைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். (அந்த லென்ஸ் இப்போது யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து திருப்பித் தரவும்.) தட்டையாக இருக்கும் என்று எண்ணியவர்களுக்கு ஆச்சரியம்: குறுக்கே பார்த்தால் விசிறி மடிப்பு போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மெல்லிய இறக்கை வளையாமல் நிற்பது அந்த மடிப்பால்தான். நுனிக்குப் பக்கத்தில் முன்விளிம்பில் ஒரு கருத்த புள்ளி தெரியும், அதன் பெயர் டெரோஸ்டிக்மா. அழகுக்கு வைத்ததல்ல, எடைக்கு வைத்தது. வேகமாக மிதந்து போகையில் இறக்கை படபடத்து முறுக்கிக்கொள்ளாமல் அது தடுக்கிறது என்று 1972இலேயே காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், தண்ணீர் ஓரத் தண்டுகளில் இளவுயிரிகள் (தண்ணீருக்குள் வளரும் தும்பிக் குஞ்சுகள்) கழற்றிப்போட்ட தோல்களைச் சேகரித்தோம். முதுகுப் பிளவின் வழியே வெள்ளை நூல் போலத் தொங்குவதைப் பலரும் வேர் என்றும் சிலந்தி இழை என்றும் நினைத்திருந்தார்கள். அவை மூச்சுக்குழாய்களின் உள்தோல்! உடல் முழுக்கக் கிளைவிட்டு ஓடும் குழாய்களின் உள்ளுறை கூடச் சட்டையோடு சேர்ந்து உரிந்து வந்துவிடுகிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது இந்த இளவுயிரி மலக்குடலுக்குள் உள்ள செவுள்களால் மூச்சு விடுகிறது, ஆபத்து என்றால் அதே தண்ணீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சியடித்து முன்னே பாய்கிறது. வளர்ந்த தும்பிக்கு உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள்தான் மூக்கு. பறக்கும் தசை எவ்வளவு ஆக்சிஜன் தின்றாலும் இரத்தத்தை நம்பாமல் குழாய் வழியே காற்று நேராகத் தசைக்கே போகிறது.

உச்சிவெயிலில் வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்தி நிற்பது ஏன் என்ற கேள்விக்கும் இந்த ஆண்டு ஓரளவு தெளிவு கிடைத்தது. வெயில் விழும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது, அதனால்தான் காலையில் அந்த நிலையை அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை. உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய தும்பிகள் வேறு வழி வைத்திருக்கின்றன: சூடான மார்பிலிருந்து இரத்தத்தை வயிற்றுப் பகுதிக்கு அனுப்பி ஆற்றிக்கொள்கின்றன. குளிர்ந்த காலையில் அவையே பறக்கும் முன் இறக்கையை நடுங்க வைத்துத் தசையைச் சூடேற்றிக்கொள்ளும்.

வேட்டை பற்றிய உரைக்குத்தான் கூட்டம் அதிகம். தும்பி இரையைத் துரத்துவதில்லை, இரை போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் போய் மறிக்கிறது. தலையைத் திருப்பித் திருப்பி இரையைக் கண்ணில் ஒரே இடத்தில் வைத்திருப்பதையும், தன் உடல் திரும்பினால் காட்சி எப்படி மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பதையும் 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தலைகீழாக விடப்பட்ட தும்பி சுமார் 200 மில்லி விநாடியில் புரண்டு நிமிர்வதை 2022இல் அதிவேகக் கேமராவில் அளந்தார்கள். நாமும் செய்து பார்க்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். செயற்குழுவின் பதில் மாறவில்லை: வலை கூடாது, கையால் பிடிப்பதும் கூடாது. புதிதாக வெளிவந்து இறக்கை பளபளவென்று இருக்கும் தும்பியைத் தொட்டாலே அது ஆயுசுக்கும் பறக்க முடியாமல் போகலாம்.

வரும் ஆண்டுக்கு ஒரு யோசனை. பின்னிறக்கை கிழிந்த தும்பிக்கு வேட்டையில் வெற்றி குறைகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. இறக்கைக் கிழிசலை, எந்த இறக்கை, எந்தப் பக்கம் என்று குறித்துப் படத்தோடு பதிவு செய்யலாம். பட்டியல் பிரியர்களும் இதில் சேரலாம், இனத்தின் பெயரும் எழுதத்தான் வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் அவரைப் பார்த்துவிடவும். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்