வேத வாசிப்பு வட்டம், கொடைக்கானல்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அம்மா அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் புத்தாண்டு ஜெபக்கூடுகை நடந்தது. ஜூலையில் பிள்ளைகளுக்கு வேத வினாவிடைப் போட்டி வைத்தோம். செப்டம்பரில் முதியோர் இல்லம் போய்வந்தோம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடினோம்.

இனி இந்த ஆண்டின் பாடம். கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் யூத மார்க்கத்துக்கும் உள்ள உறவைப் படிக்கலாம் என்று போன பொதுக்குழுவில் நான் கேட்டேன், நீங்களும் கைதூக்கினீர்கள். அப்புறம், "இந்த மலையில் ஒரு யூதர்கூட இல்லை, நமக்கு எதற்கு இந்தப் பாடம்?" என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. அவர்களுக்கு என் பதில் இதுதான்: நம்மில் பலர் ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெரிய வெள்ளியும், இயேசுவின் மரணத்துக்கு அவர்களே பொறுப்பு என்று அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். அப்படிச் சொல்கிறவர்கள் அவர்களைப் பற்றிப் படித்தே ஆக வேண்டும்.

பரிசேயர் என்பவர்கள் இயேசுவின் காலத்து யூத மார்க்கப் பிரிவினர். முதல் கூட்டத்தில் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "பரிசேயன் என்றதும் மனதில் வரும் சொல்லை எழுதுங்கள்" என்றேன். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வேஷக்காரன், மாயக்காரன் என்றே எழுதியிருந்தார்கள். பிறகு லூக்கா 13:31 வாசித்தோம். ஏரோது கொல்லத் தேடுகிறான், இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவை எச்சரிக்க வந்தவர்கள் பரிசேயர்கள். அப்போஸ்தலர் 5இல் சீஷர்களுக்காக யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேல் ஒரு பரிசேயர். அப்போஸ்தலர் 23இல் "நான் பரிசேயன்" என்று பவுலே சொல்கிறார். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கையைப் பரிசேயர்கள் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். அன்று கூட்டம் முடிந்தும் யாரும் உடனே எழுந்து போகவில்லை.

நம் மேஜையில் இரண்டு வேதாகமங்கள் இருக்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் கையில் பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கர் கையில் 1995இல் வந்த திருவிவிலியம். ஒன்றில் கர்த்தர், மற்றதில் ஆண்டவர். இது நம்மிடையே ஒரு பழைய உரசல். எபிரெயத்தில் அங்கே இருப்பது நான்கு எழுத்துக் கொண்ட கடவுளின் பெயர். யூதர்கள் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் ‘அதோனாய்’, அதாவது ‘என் ஆண்டவர்’ என்று வாசிப்பார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. ஆகவே கர்த்தர் என்றாலும் ஆண்டவர் என்றாலும், நம் நாவு யூத ஜெபக்கூடத்தின் பழக்கத்தைத்தான் கடைப்பிடிக்கிறது. இதைச் சொன்ன நாளிலிருந்து அந்த உரசல் நம் கூட்டத்தில் எழவில்லை.

பழைய ஏற்பாடே வேண்டாம், புதியது போதும் என்று சகோதரர் ஒருவர் வாதாடினார். அதே வாதத்தோடு மார்சியோன் என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரிக்கு வந்தார். எபிரெய வேதத்தை முழுவதும் தள்ளி, லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் வெட்டித் திருத்தி வைத்துக்கொண்டார். 144ஆம் ஆண்டு வாக்கில் ரோமச் சபை அவரை விலக்கியது. சபை அன்று செய்தது சரி. ஆனால் வேதத்தைக் காப்பாற்றிய அதே சபை, அந்த வேதத்தைத் தந்த மக்களைத் தள்ளப்பட்டவர்கள் என்று போதிக்கவும் தொடங்கியது. அந்தியோகியாவில் 386, 387ஆம் ஆண்டுகளில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற சபைக் குரு யூதர்களைப் பற்றிப் பேசிய பேச்சுகள் கொடுமையானவை. அவருடைய கோபம், யூதப் பண்டிகைகளுக்கும் ஜெபக்கூடத்துக்கும் போய்வந்த தன் சொந்தச் சபையார்மேல். சாதாரண ஜனங்கள் அதுவரை ஒன்றாகப் பழகியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

பிப்ரவரியில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் 9 முதல் 11 வரை எடுத்தோம். காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்ட பகுதி வந்தபோது, வில்பட்டியிலிருந்து வரும் தோட்டக்கார அண்ணன், "ஐயா, இது தலைகீழா இருக்கே" என்றார். அடுத்த கூட்டத்துக்குக் காட்டுப் பேரி வேர்ச்செடி ஐந்தைப் பையோடு கொண்டுவந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய நல்ல பேரிக் குச்சிகளும் இருந்தன. எல்லாம் பென்சில் தடிமன். கத்தியைத் துடைத்துவிட்டு இரண்டிலும் ஒரே நீளத்துக்குச் சாய்வாகச் சீவினார். பட்டைக்கு அடியில் தெரிந்த பச்சைக் கோட்டை எங்களுக்குக் காட்டி, "இதும் இதும் தொடணும், இல்லாட்டி பிடிக்காது" என்று சேர்த்துப் பிடித்து, பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றினார். "வேர் காடு, மேல நல்ல சாதி. நாங்க இப்படித்தான் கட்டுவோம். பவுல் நல்ல மரத்துல காட்டுக் குச்சியைக் கட்டுறாரே, யாராவது செய்வாங்களா?"

பவுலுக்கும் அது தெரிந்திருக்கிறது. 11:24இல் அவரே அதைச் சுபாவத்துக்கு விரோதமானது என்கிறார். எந்தத் தோட்டக்காரரும் செய்யாத காரியத்தைத் தேவன் செய்தார், அதனால்தான் யூதரல்லாத புறஜாதிகளான நமக்கு இடம் கிடைத்தது. 18ஆம் வசனத்தில் ‘வேர் உன்னைச் சுமக்கிறது’ என்று இருப்பதைச் சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறேன். நாடா சுற்றிய அந்தக் குச்சியைக் கையில் வாங்கிய பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. அதற்குச் சொந்த வேர் கிடையாது. கழற்றித் தனியே நட்டால் நாலு நாளில் காய்ந்துவிடும் என்றார் அண்ணன். ஐந்து ஒட்டில் மூன்று பிடித்து, மார்ச் கடைசியில் துளிர்விட்டன. ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

‘இஸ்ரவேலர் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்’ என்ற வசனத்தில் நமக்குள் ஒத்த கருத்து வரவில்லை. இயேசுவை ஏற்காமல் எப்படி என்று பெந்தெகொஸ்தே சகோதரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தேவனுடைய அழைப்பு மாறாதது என்று 29ஆம் வசனம் சொல்லும்போது அவர்களோடு செய்த உடன்படிக்கை காலாவதியானது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்பது என் நிலை. பவுலும் அந்த அதிகாரத்தின் முடிவில் தேவ ஞானத்தின் ஆழத்தை வியந்து துதித்துத்தான் நிறுத்துகிறார்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். நான் இஸ்ரேல் நாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்லி, வருவதையே நிறுத்திவிட்டார். காஸாவில் சாகும் பிள்ளைகளுக்காக இதே கூட்டத்தில் கண்ணீரோடு ஜெபித்திருக்கிறோம். ஓர் அரசாங்கம் செய்வது வேறு, நம் போதனையில் கலந்திருக்கும் பழைய பகை வேறு. அந்த ஐயா திரும்பி வர வேண்டும் என்பதே என் ஆசை.

தவக்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பாஸ்கா என்றால் பாடுகளின் நாடகம்தான் நினைவுக்கு வரும். எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைத்து யூதர்கள் இன்றும் கொண்டாடும் பண்டிகையின் பெயர் அது. இயேசு கடைசியாகக் கொண்டாடியதும் அதைத்தான் என்கின்றன மத்தேயு, மாற்கு, லூக்கா. பக்கத்து ஊர் நாடகக் குழு ஒன்றில், இயேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லும் யூதக் கூட்டத்தாருக்கு மட்டும் முகத்தில் கரி பூசி, பல் வைத்துக் கட்டுவார்கள். "மேடையில் மரியாளும் பேதுருவும் இயேசுவும் யூதர்கள்தானே, அவர்களுக்குக் கரி எங்கே?" என்று போய்க் கேட்டேன். இந்த ஆண்டு கரியும் இல்லை, பல்லும் இல்லை. அதற்காக நான்கு முறை மலையிறங்கி ஏறினேன். பேருந்துக் கட்டணம் என்னுடையது.

ஆகஸ்டில், லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரைப் பற்றிப் பேசினோம். 1523இல் இயேசு யூதராகப் பிறந்தார் என்று பரிவோடு எழுதியவர், 1543இல் யூத ஜெபக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். அமெரிக்க லுத்தரன் சபை 1994இல் அந்த எழுத்தை வெளிப்படையாக நிராகரித்தது. நம் லுத்தரன் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டு வெகுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு முடிவு ஜெபத்தை அவரே ஏறெடுத்தார்.

அக்டோபர் 28. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கைக்கு அன்று 60 ஆண்டு. கிறிஸ்துவின் மரணத்துக்கு அன்றிருந்த யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க முடியாது என்று 2221 ஆயர்கள் ஆதரித்து, 88 பேர் எதிர்த்து நிறைவேறிய அறிக்கை. நாலாம் பகுதியைத் தமிழாக்கி 40 பிரதி எடுத்து வைத்திருந்தேன். வந்தவர்கள் ஆறு பேர். மழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னவனூரிலிருந்து ஓர் அக்கா கேரட் லாரியில் ஏறி வந்தார். இங்கே ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல்லில் இருப்பவர்கள் வரவில்லை. ஏப்ரல், மே சீசனில் விடுதி வேலை என்கிறீர்கள், சரி. ஜூனில் பள்ளித் திறப்பு, சரி. நவம்பரில் என்ன வேலை?

சந்தாவும் அப்படித்தான். 46 உறுப்பினர்களில் வருடச் சந்தா 300 ரூபாயைக் கட்டியவர்கள் 19 பேர். மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது. மண்டப வாடகை ஒரு தவணை பாக்கி. விவரம் பொருளாளர் அம்மாவிடம். மண்டபம் தந்த ஆலயத்தாருக்கும், தேநீர் போட்ட சகோதரிகளுக்கும், தலைவர் ஐயாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சங்கீதங்களை யூதர்கள் வாசிக்கும் முறையோடு சேர்த்துப் படிக்க விரும்புகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபக்கூடத்தையும் ஒருமுறை எல்லாரும் பார்த்துவர வேண்டும். போன மே மாதம் வேனுக்கு முன்பணம் கட்டி, ஒன்பது பேர் கடைசி நேரத்தில் பின்வாங்கியதில் அந்தப் பணம் போனது. அதை நான்தான் கட்டினேன். எனக்கு வயது 67. இன்னொரு முறை அப்படிக் கட்ட என்னால் ஆகாது. செயலாளராக வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு கணக்கு நோட்டைக் கொடுப்பேன். நானே தொடர வேண்டும் என்றால் பாக்கிச் சந்தா ஜனவரி முடிவதற்குள் வர வேண்டும். மட்டாஞ்சேரி ஜெபக்கூடம் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும். அதனால் திங்கள்கிழமை போகும்படி நாள் குறிப்போம். வருகிறவர்கள் இன்று தேநீருக்கு முன்பே முன்பணத்தோடு பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்