ஒட்டகத்தின்ர திமிலுக்குள்ள தண்ணி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட சிறுவர் பக்கத்தில வந்த அந்தக் கற்பனை விளையாட்டை எங்கட வீட்டுப் பெடியள் வெட்டி எடுத்து வச்சிருக்கினம், இப்ப பின்னேரம் எண்டா விறாந்தையில அதுதான், ஆளுக்கொரு பாத்திரம், ஒருத்தர் கதை சொல்ல மற்றவை டைஸை உருட்டி அடுத்து என்ன செய்யப்போறம் எண்டு சொல்லுவினம். நல்ல விஷயம், போனை வச்சிட்டு ஆளோட ஆள் கதைக்குதுகள். 1974ல அமெரிக்காவில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்டு தொடங்கினது மல்லாவிக்கு வந்து சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கு.

என்ர பிரச்சினை அதில வாற காட்டு ஒட்டகம். நெருப்புக் கக்கும் எண்டு போட்டிருக்கிறியள், அதில எனக்கு ஒரு கோவமும் இல்லை, எந்தப் பிள்ளை அதை நம்பப்போகுது. ஆனா திமிலை வெட்டினா மூண்டு நாளைக்குத் தண்ணி கிடைக்கும் எண்டு ஒரு விதி இருக்கு பாருங்கோ, அது வேற கதை. தங்கச்சியின்ர மகள் "கத்தியை எடுத்திட்டன் மாமா, எத்தினை போத்தல் வரும்?" எண்டு கேக்கிறாள், அவள் அதை உண்மை எண்டே நினைச்சிட்டாள். திமிலுக்குள்ள இருக்கிறது முழுக்கக் கொழுப்பு. தண்ணியை அது ஒரேயடியா 100 லீற்றருக்கு மேல குடிக்கும், குடிச்சது உடம்பு முழுக்கப் போகும், பகலில உடம்புச் சூடு 40 பாகை வரைக்கும் ஏற விட்டிட்டு வேர்க்காமலே நிண்டு தண்ணியை மிச்சம் பிடிக்கும்.

உண்மையான காட்டு ஒட்டகம் இப்பவும் இருக்கு, மொங்கோலியாவிலயும் சீனாவிலயும் கோபிப் பக்கம், ரெண்டு திமில், மிஞ்சிப்போனா 1000 கூட இல்லை. சீனாவில லொப் நூர் எண்ட இடத்தில அதுகள் உப்புத் தண்ணியைக் குடிச்சு உயிர் வாழுதுகள், 1964ல இருந்து 1996 வரைக்கும் அங்கதான் அணுகுண்டு வெடிச்சுச் சோதிச்சவங்கள், அதுக்கும் தப்பி நிக்குதுகள். இதைவிட உங்களுக்கு என்ன மந்திர சக்தி வேணும் சொல்லுங்கோ. மற்றவை குடிச்சா வயித்தால போற குளத்தில ஒட்டகம் மட்டும் குடிக்கும் எண்டு ஒரு விதி போட்டா எவ்வளவு நல்லாயிருக்கும். 1977ல அந்த அமெரிக்க விளையாட்டுக்கு வந்த மிருகப் புத்தகத்தில கூட ஒட்டகம் துப்பினா கொஞ்ச நேரம் கண் தெரியாமப் போகலாம் எண்டுதான் இருக்கு, ஒட்டகம் துப்புறது உண்மைதானே, வயித்துக்குள்ள கிடக்கிறதையும் சேத்து எடுத்து அடிக்கும்.

எங்கட பழைய ஆக்கள் இதைவிடக் கெட்டிக்காரர். அகநானூறு 245ஆம் பாட்டில பாலை நிலத்தில பசியில நிக்கிற ஒட்டகம் காய்ஞ்ச வெள்ளை எலும்பைத் திண்டு பசி தீக்குது. சும்மா கட்டின கதையில்லை, உடம்பில தாதுச் சத்துக் குறைஞ்சா ஒட்டகம் எலும்பைக் கடிக்கும். நான் இதை எடுத்து ஒருநாள் பெடியளுக்குக் கதை சொன்னன், குகை வாசலில பாதி கடிச்ச எலும்பு, பக்கத்தில சாணி, ஆள் ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் உள்ளுக்கப் போகமாட்டம் எண்டிட்டினம்.

இன்னொண்டு, உங்கட கதையில ஒட்டகக் கூட்டம் எங்கயிருந்து வந்தது எண்டே இல்லை. மன்னார் ரவுணில திரியிற கழுதை, நெடுந்தீவுக் குதிரை எல்லாம் ஒருகாலம் ஆரோ கொண்டுவந்து விட்டதுகள்தானே. அவுஸ்திரேலியாவிலயும் அப்பிடித்தான், சாமான் ஏத்தக் கொண்டுவந்த ஒட்டகத்தை லொறி வந்த பிறகு அவிட்டு விட்டிட்டாங்கள், இப்ப அதுகள் காடு மேடெல்லாம் திரியுது. மூக்கில பழைய ஓட்டை இருக்கிற ஒரு கிழட்டு ஒட்டகத்தைக் கதைக்குள்ள விட்டுப் பாருங்கோ, எந்த வணிகக் கூட்டம் எங்க செத்துது எண்டு பெடியளே தேடிப் போகுங்கள்.

வாற ஞாயிறு அந்தத் தண்ணி விதியை மட்டுமெண்டாலும் திருத்திப் போடுங்கோ. நெருப்பு இருக்கட்டும், அதை நாங்கள் சமாளிப்பம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருத்தர்,
மல்லாவி