அடைப்புக்கு முன்பே கெடுகிறது உட்படலம்

ஆசிரியருக்கு,

மாரடைப்பு என்றதும் ‘எத்தனை சதவீத அடைப்பு?’ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெடத் தொடங்கும் ரத்தக் குழாயின் உட்படலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எண்டோதீலியம் எனப்படும் இப்படலம் ஒரு செல் தடிமனே கொண்டது. ஆனால் வெறும் பூச்சு அல்ல. இது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாயை விரிக்கிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் செய்து 1980இல் வெளியிட்ட சோதனையில், அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் படலம் உள்ள துண்டு தளர்ந்தது, உட்படலம் உரசிப்போன துண்டு தளரவில்லை. 1998 மருத்துவ நோபல் பரிசுக்கு வழி திறந்த சோதனை அது.

புகை, உயர் ரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை படலத்தைக் கெடுத்தால் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு உள்ளே புகுந்து தங்கும். வெள்ளணுக்கள் அதை விழுங்கி வீங்கும். இந்தப் படிவின் மெல்லிய மூடி கிழிந்தால் நிமிடங்களில் ரத்தம் உறைந்துவிடும். ரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காத 40 சதவீத அடைப்பும் கிழியும். டிரெட்மில் சோதனையில் தேறியவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான்.

தினம் ஒரே ஒரு பீடியும் கெடுதிதான். அறவே விட வேண்டும். வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால், ரத்த ஓட்டத்தின் உரசலே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளதையும் சேர்த்து.

முக்கியமாக ஒன்று: அடைப்பை விரித்துப் பிடிக்கக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் கம்பிமேல் புதுப் படலம் வளர்ந்து மூட மாதக்கணக்காகும். அதற்குள், பல் பிடுங்குவதற்காகக்கூட, மருத்துவரைக் கேட்காமல் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
இதயநோய் மருத்துவர் ஒருவர்