படத்தின் முதுகில் எழுதிய பெயர்

யாங்கோன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ சிங்கப்பூர் திரும்பும்போது விட்டுச்சென்ற வன்தட்டைக் கணினியில் மாட்டி, மின்சாரம் இருக்கும் வேளைகளில் மட்டும் உட்கார்ந்து, நம் வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்தி வருகிறேன். மொத்தம் 31,000-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பகுதி 2014-க்குப் பிறகு எடுத்தவை. அந்த ஆண்டில்தான் இங்கே சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியது, அதற்கப்புறம் படம் எடுப்பதற்குக் கணக்கு வழக்கே இல்லை.

உன் தாத்தாவின் தகரப் பெட்டியில் இருப்பவை 64 படங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதியிருக்கிறார். 1964-இல் பாட்டியின் தம்பி குடும்பம் மதராசுக்குக் கப்பலேறுவதற்கு முந்தின நாள் எடுத்த படத்தில் நிற்கும் 9 பேரையும் இன்று நான் பெயர் சொல்லிக் காட்ட முடிவது அந்தப் பென்சிலால்தான். சென்ற ஆண்டு உன் அத்தை மகள் திருமணத்தில் உன் பக்கத்தில் நிற்கும் பையன் யாரென்று எனக்கு இப்போதே தெரியவில்லை.

அந்தத் திருமணப் படங்களை நேரப்படி அடுக்கியபோது பந்தி முடிந்த பிறகு தாலி கட்டியதாக வந்தது. நெடுநேரம் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது: உன் கேமராவின் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில் இருந்திருக்கிறது, நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் உன் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மணி பின்னுக்குத் தள்ளினேன். தாலி அதற்குரிய இடத்துக்கு வந்துவிட்டது. இனி ஊருக்கு வரும்போது முதல் வேலையாகக் கடிகாரத்தை மாற்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இடம் பற்றிய குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன, படமும் சுருங்குகிறது. ஆகவே ஆவணமாக இணைத்து அனுப்பு.

இனி முக்கியமானது. கோப்புறைக்குப் பெயர் வைப்பது உறையின் மேல் எழுதுவது போன்றது. படம் உறையை விட்டு வெளியே வந்தால் அநாதைதான். அதிலும் நம் கோப்புறைப் பெயர்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நான் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை இன்று ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. உன் அண்ணன் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் வைத்தவை, 2019 அக்டோபரில் நாடு யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறிய பின் புதிய கணினியில் உருக்குலைந்து நிற்கின்றன. ஆகவே கோப்புறைக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்கள் மட்டும் வைத்திருக்கிறேன். தானாகவே கால வரிசையில் நிற்கும். பெயர்களைப் படக் கோப்புக்குள்ளேயே, விளக்கம் எழுதும் இடத்தில், யூனிகோடு தமிழில் எழுதுகிறேன். மென்பொருள் தன் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் கோப்பிலும் எழுதுகிறதா என்பதை அமைப்பில் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் போட்டோஸ் முகங்களை அடையாளம் காணும் என்று நீ சொன்னாய். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அங்கே இடும் பெயர்கள் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. அது உன்னையும் உன் அத்தையையும் ஒரே ஆளாகக் காட்டியதைப் பார்த்து உன் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

மங்கலான படங்களை அழிக்கத் தொடங்கினேன், மனம் வரவில்லை. அந்த வேலை உன்னுடையது.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது நம் ஆல்பங்கள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போயின. தாத்தாவின் பெட்டி தப்பியது, அப்போது அது மௌல்மீனில் உன் பெரியப்பா வீட்டில் இருந்ததால்தான். எனவே ஒரு பிரதி என் கணினியில், ஒன்று இங்கேயே தனி வன்தட்டில், மூன்றாவது உன்னிடம்.

அந்த மூன்றாவது பிரதியைத் தை மாதம் அங்கே வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் எனக்குப் பெயர் தெரியாத 214 படங்களைத் தனியே பிரித்து வைத்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானோர் உன் கல்லூரித் தோழிகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து படங்களாக எழுதினால் போதும். அந்தப் பையன் 3-ஆவது படத்தில் இருக்கிறான், அவனிடமிருந்து தொடங்கு.

அன்புடன்,
அப்பா