கரி வாங்குவோர் கவனத்துக்கு: மூட்டத்திலிருந்து சூளைக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சாயல்குடி, முதுகுளத்தூர், தேவிபட்டினம் பக்கம் தனித்தனியாகப் போட்டுவந்த மூட்டங்களை, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரி சுடுவதை, நிறுத்திவிட்டோம். இனி சீமைக்கருவேல் கரி முழுவதும் கடலாடிக் களத்தில், செங்கல் சூளையில்தான் வேகும்.

மண் மூட்டத்தில் காற்று எங்கே நுழையும் என்று சொல்ல முடியாது. மேல்மண் வெடித்த இடத்தில் விறகு சாம்பலாகும். காற்றே எட்டாத மூலையில் கட்டை அரைவேக்காடாகக் கிடக்கும். 100 கிலோ காய்ந்த விறகுக்கு 15 முதல் 20 கிலோ கரி வந்தாலே பெரிது. சூளையில் 25 முதல் 30 கிலோ எடுக்கலாம். விறகு கக்கும் புகையைக் குழாய் வழியே அடிஅடுப்புக்குத் திருப்பி எரிப்பதால் ஊருக்கும் புகை குறைவு. உப்புக்காற்றில் இரும்புத் தகடு நிற்காது என்பதால் செங்கல்லில் கட்டினோம். அதுவும் மண் சாந்தில்; சூட்டில் சிமெண்ட் விண்டுவிடும்.

கொல்லுப் பட்டறைக்காரர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம். மூட்டக் கரியோடு வரும் மணல் உலையில் உருகிக் கிட்டமாக (கல்போன்ற கசடாக) இறுகி, காற்றுத் துளையை அடைக்கும். சூளைக் கரியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. சிலர் கோக் கேட்கிறீர்கள். அது நிலக்கரியைக் காற்றில்லாமல் 1000 டிகிரி வாக்கில் சுட்டெடுப்பது. நல்ல சூடு தரும், ஆனால் ஊதுகாற்று நின்றால் தணிந்துவிடும், கந்தகமும் கூடுதல். அரிவாள், உளி வேலைக்கு நம்ம கரியே போதும்.

தூர்க்கரி (மரத்தின் அடிக்கட்டையில் சுட்ட கரி) வேண்டுவோர் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். தூரையும் குச்சியையும் ஒன்றாக அடுக்கினால், தூர் வேகும் முன் குச்சி தூளாகிவிடும். அதனால் தூருக்குத் தனி ஈடு, அதாவது சூளையில் தனியாக ஒருமுறை அடுக்கிச் சுட வேண்டும். சூளை திறந்த அன்றே கரி தரச் சொல்லாதீர்கள். புதுக் கரி காற்றை உறிஞ்சித் தானே சூடேறும், மூட்டையில் கட்டினால் லாரியிலேயே பற்றும். ஒரு நாள் முழுக்கக் களத்தில் பரப்பிப் பார்த்த பிறகே கட்டுவோம்.

நல்ல கரி தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், உடைத்த முகம் மின்ன வேண்டும். பழுப்பாக இருந்து, பற்றவைத்ததும் கண் எரியப் புகைந்தால் அது வேகாத கட்டை; எடுத்துவையுங்கள், மாற்றித் தருகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் விறகு காயாது, ஈடும் குறையும். டீக்கடை, இஸ்திரிக் கடைக்காரர்கள் புரட்டாசிக்குள் இருப்பு வைப்பது நல்லது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். ஈரம் ஏறிய கரி வெடித்துப் பொறி தெறிக்கும். கதவடைத்த அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு வாடையும் இல்லை, புகையும் இல்லை.