வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘சம்பளத்தோடு புண்ணியமும் சேரும் வேலை’ என்று சொல்லித்தான் ஆள் எடுக்கிறீர்கள். பொய்யில்லை. ஆனால் அந்த நிறைவு கிடைக்கிற இடத்தைத்தான் உங்கள் பயிற்சி தொடாமல் போகிறது.

படுத்த படுக்கையாக இருப்பவரின் வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்து, மறுபடி நிறம் வந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்திருக்கும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். தொட்டால் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். தோல் உரிவதற்குள் இதைக் கண்டுபிடித்து, அங்கே பாரம் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில நாளில் மறைந்துவிடும். அப்படி மறைவதைத் தினமும் பார்க்கிற அட்டெண்டருக்குத் தன் கை என்ன செய்தது என்று தெரியும். கூலிக்கு மேலே கிடைப்பது அதுதான்.

சொல்லித்தராவிட்டால் நடப்பது வேறு. சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். நலிந்த திசு இன்னும் நசுங்கும். காற்றடித்த வளையத்தை அடியில் வைப்பார்கள். வளையம் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். தலைப்பக்கம் ஏற்ற அக்குளில் கைகொடுத்து இழுப்பார்கள். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும், உள்ளே கிழியும். நான்காக மடித்த பழைய வேட்டியை இடுப்புக்கு அடியில் விரித்து, இருவர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் போதும். ஒருக்களிக்க வைக்கும்போது முழுப் பக்கவாட்டில் வேண்டாம், இடுப்பெலும்பில் பாரம் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு. கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் விடவேண்டும். ஏர் பெட் இருந்தாலும் திருப்பித்தான் ஆகவேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புவதென்றால் நாளுக்கு 12 தடவை. இதற்கு 24 மணி நேர ட்யூட்டியில் ஒரே ஒரு பெண்ணை அனுப்புகிறீர்கள். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் யார் திருப்புவது? அவரும் தூங்கத்தானே வேண்டும். புண் வந்ததும் பழி மட்டும் அவர் தலையில். இரவுக்கு வேறு ஆள் போடுங்கள். முடியாதென்றால் இரவில் திருப்புவது வீட்டார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

வீட்டார் நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அடிக்கடி ஆள் மாற்றுவது இன்னொன்று. உங்கள் கமிஷன் கவலை புரிகிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால், ஒரு வேளைச் சாப்பாடு ஊட்டி முடிக்கும்வரையாவது பழையவரையும் புதியவரையும் சேர்த்து இருக்க விடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு எந்தக் கன்னத்தில் சோறு தங்குகிறது, ஒரு வாய் தண்ணீருக்குப் பிறகு குரல் எப்படிக் களகளத்தால் ஊட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை.

இப்படிக்கு,
பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தருபவர்கள்