எண்பது கோடுகள்

அன்புள்ள மாலா,

உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. பதில் போடாததற்குச் சாக்குச் சொல்லப் போவதில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலிகூடத் தேவலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நானே ஒரு கறுப்புச் சட்டை தைத்தேன். அதன் முதுகில் ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்து அட்டையில் இருக்கும் வெள்ளைக் கோடுகளைக் கையாலேயே வரைந்து முடித்துவிட்டேன். விடுதியில் உன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தாயே, அதே படம். "இது மலையா, இசிஜியா?" என்று கேட்டுக் கேட்டுச் சுதா உன்னிடம் தலையணை அடி வாங்குவாளே, அதேதான்.

முதல் முயற்சி வீண். புதுத்துணியை அலசாமல் கஞ்சியோடு எடுத்து வரைந்துவிட்டேன். பெயிண்ட் இழைக்குள் இறங்காமல் மேலாகவே நின்று, முதல் துவைப்பில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அழுதேவிட்டேன் மாலா. அடுத்த முறை பருத்தித் துணியை நன்றாக அலசிக் காயவைத்து, முதுகுத் துண்டை மட்டும் வெட்டி, தைப்பதற்கு முன்பே வரைந்தேன். தைத்த சட்டையில் வரைந்தால் தையல் மேடு பிரஷ்ஷைத் தட்டிவிடும். வெட்டிய துண்டைப் பலகையில் இழுத்து ஊசி குத்தினால் காகிதம் மாதிரி கிடக்கிறது. தையலுக்கு விடும் ஓரத்தைச் சாக்கால் குறித்துக்கொண்டால் படம் கைக்குழிக்குள் போய் மாட்டாது. தைப்பதும் வரைவதும் ஒரே ஆளாக இருப்பதில் இப்படி ஒரு சுகம்.

கறுப்பில் வெள்ளை லேசில் ஏறாது. ஈரத்தில் பளிச்சென்று இருக்கும், காய்ந்ததும் சாம்பலாகிவிடும். அதற்காக ஒரே பூச்சில் தடிமனாக அப்பினால் பின்னால் மடிப்பில் வெடிக்கும். மெல்லிசாகப் பூசு, காயவிடு, மறுபடி பூசு. அவ்வளவுதான் வழி.

கோடுகளை எந்த வரிசையில் போடுவது என்று புரியவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கீழேயிருந்து மேலே போக வேண்டும். கீழ்க்கோட்டின் முகடு மேல்கோட்டை மறைக்கிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷைத் தூக்கிவிட வேண்டும். அரை மில்லிமீட்டர் தாண்டினாலும் மலை கலைந்து சிக்கலான நூலாகிவிடும். மொத்தம் எண்பது கோடுகள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் இது என் கண்ணில் பட்டதில்லை, வரையும்போதுதான் தெரிந்தது.

அந்தப் படம் என்ன தெரியுமா? ஜோஸ்லின் பெல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 1967இல், முதன்முதலில் கண்டுபிடித்த துடிவிண்மீனின், அதாவது சுழன்றுகொண்டே சீராக ரேடியோ அலை அனுப்பும் பல்சரின், துடிப்பு. ஒரு கோடு ஒரு துடிப்பு. அது 1.337 விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. 1970இல் ஹெரால்டு கிராஃப்ட் என்ற வானியல் மாணவர் தன் ஆய்வேட்டுக்காக அடுத்தடுத்து வந்த எண்பது துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அது ஒரு வானியல் கலைக்களஞ்சியம் வழியாகக் குழுவின் கைக்கு வர, 1979இல் வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பி அட்டையாக்கினார். கணக்குப் போட்டுப் பார். அந்த விண்மீனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு நான்கு இரவு பிடித்தது. நாற்பதாவது கோட்டுக்குப் பிறகு பாட்டையும் நிறுத்திவிட்டேன். பிரஷ் துணியில் உரசுகிற சத்தமே போதுமாக இருந்தது.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்பக்கமாகத் திருப்பி, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டேன். அதன் பிறகு மூன்று முறை துவைத்தாகிவிட்டது. ஒரு கோடுகூடப் போகவில்லை!

சட்டையைப் பார்த்த ஒருவர் பத்துச் சட்டைக்குக் காசு தருகிறேன் என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். எனக்கே வரைந்து போட்டுக்கொள்வது அந்த இசைமேல் உள்ள அன்பு. விற்கப் போனால் அது இன்னொருவர் படத்தில் நான் பிழைப்பது. அந்த நினைப்பிலேயே இருந்தபோது ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் நாக்குச் சின்னம் ஞாபகம் வந்தது. ஜான் பாஷ் அதை 1970இல் வரைந்தபோது கலைக் கல்லூரி மாணவர். அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் காட்டிய காளி படத்திலிருந்து தொடங்கிய வேலை அது, கூலி 50 பவுண்டு. அதாவது சின்னத்தைக் குழுவுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். நீ பாடிய நம் இசைக்குழுவுக்கு யாருமே வரையவில்லையே, மாலா. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நீ பாடுவதை விட்டுவிட்டாய் என்று சுதா சொன்னாள். குரல் போய்விட்டது என்றாயாம். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய பாத்திரக் கதையெல்லாம் மூன்று பக்கம் எழுதுகிறவள் இதை ஏன் எழுதவில்லை? என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது. பாடு என்று நான் வற்புறுத்த மாட்டேன், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு ஒரு சட்டை தைக்கப் போகிறேன். முதுகில் ஆறு கிடார் கம்பிகள், மூன்றாவது மட்டும் அறுந்து சுருண்டிருக்கும். எந்த இரவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பி அறுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டேன், அந்தச் சுருள் நன்றாக வந்திருக்கிறது. துணியும் அலசிக் காய்கிறது.

தோள், மார்பு, கழுத்திலிருந்து இடுப்பு வரை நீளம், இந்த மூன்று அளவையும் உடனே அனுப்பு. பழைய அளவை எழுதாதே, டேப் வைத்து அள.

உன்,
வசந்தி